மூன்றுக்கு ஒன்று

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்கிறார்: “ரத்தம் கம்மியா இருக்கும்மா. நல்லா சத்தா சாப்பிடணும்.” அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வெளியே வருகிறார். பேருந்துக்குப் போக மிச்சமிருக்கும் காசுக்கு, மருத்துவமனை வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் இரண்டு ஆப்பிள் வாங்கிக்கொள்கிறார். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். சத்து என்றதும் நம் மனம் விலை கூடிய பொருளைத்தான் தேடிப் போகிறது. ஆப்பிள், பாதாம், டப்பாவில் அடைத்த சத்துமாவு. இவை வாங்க வசதி இல்லாதவர்கள், நல்ல சாப்பாடு நமக்கு எட்டாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

விலைக்கும் சத்துக்கும் உண்மையில் எவ்வளவு தொடர்பு இருக்கிறது? அதே வண்டியில் ஆப்பிளுக்குப் பக்கத்திலேயே கொய்யாவும் இருக்கும். பழனிக்கு அருகே ஆயக்குடியிலிருந்து வந்ததாக இருக்கலாம். விலை பெரும்பாலும் ஆப்பிளில் பாதிகூட இராது. நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். அதே எடை ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம்கூடத் தேறாது. இமாச்சலிலோ காஷ்மீரிலோ பறித்து, குளிர்ப்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்து, லாரியில் நாட்டின் மறுகோடிக்கு வருகிற செலவெல்லாம் ஆப்பிளின் விலையில் ஏறியிருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு தூரம் வந்தது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் விலை சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

உள்ளே இருப்பதை யார் அளந்து சொன்னார்கள்? இந்தக் கதையின் பெரும்பகுதி நீலகிரியில் நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசன் செய்த சோதனைகளில் ஒன்று நமக்கு உறைக்கவேண்டியது. ஒரே வயது எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், மதராஸிகள் என்று ஒவ்வொரு வட்டாரத்து மக்களும் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாகப் பெருத்தன. கடைசி இடம் மதராஸி உணவுக்கு. தீட்டிய அரிசிச் சோறு மிகுதி, அதோடு சேர்ந்து வருவன சொற்பம். அதுதான் அன்றைய ஏழை வீட்டுச் சாப்பாடு.

எலி மனிதனல்ல. எனவே இந்த ஒரு சோதனையை வைத்துச் சோற்றையே குற்றவாளியாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. சோற்றிடம் குறை இருக்கிறது என்பது மட்டும்தான் இதிலிருந்து தெரிந்தது. அந்தக் குறை எது, அதை எதைக் கொண்டு, எவ்வளவு குறைந்த செலவில் நிரப்பலாம் என்பது பிறகு வந்த கேள்வி.

புரதத்திலிருந்து தொடங்குவோம். தசை, தோல், ரத்தம், நோயை எதிர்க்கும் பொருட்கள் என்று உடம்பின் கட்டுமானம் பெரிதும் புரதம்தான். புரதம் ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு உருவானது. நாம் உண்ணும் புரதத்தை வயிறும் குடலும் அமினோ அமிலங்களாகப் பிரித்துவிடும். உடல் அவற்றை எடுத்துத் தனக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். இப்படிப் பயன்படும் அமினோ அமிலங்கள் 20. அவற்றில் சிலவற்றை உடலே செய்துகொள்ளும். 9 வகைகளை அதனால் செய்ய முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். இவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்கிறோம்.

இப்போது ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு தேங்காயும் ஒரு பாக்குப் பொட்டலமும் இருந்தே ஆகவேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பையைக் கொடுக்க முடியாது. தேங்காய் 100 இருக்கிறது, பாக்கு 50தான் என்றால் எத்தனை பை போடலாம்? ஐம்பது. மீதித் தேங்காய் ஐம்பதும் வீண். அடுத்த மண்டபத்திலும் ஒரு கல்யாணம். அங்கே பாக்கு 100, தேங்காய் 50. அவர்களும் 50 பைதான் போட முடியும். இரண்டு வீட்டாரும் சாமான்களை ஒன்றாகக் கொட்டினால்? தேங்காய் 150, பாக்கு 150. பைகள் 150. தனித்தனியே போட்டிருந்தால் நூறுதான். யாரும் கடைக்குப் போகவில்லை, ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஐம்பது பை கூடிவிட்டது.

அரிசியிலும் பருப்பிலும் நடப்பது இதே கணக்கு. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் போதுமான அளவு. பருப்பில் லைசின் ஏராளம், மெத்தியோனின் குறைவு. எது பற்றாக்குறையோ அதுதான் மொத்தக் கட்டுமானத்தையும் தடுத்து நிறுத்துகிறது. அதைத் தடை அமினோ அமிலம் என்று சொல்லலாம். சோற்றுக்குத் தடை லைசின். மிஞ்சிப்போன மற்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்க உடம்பில் கிடங்கு கிடையாது. உடல் அவற்றை எரித்துச் சக்தியாக்கிவிட்டு, அவற்றிலிருந்த நைட்ரஜனை யூரியாவாகச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது முக்கியம். அமெரிக்காவில் தாமஸ் ஆஸ்போர்ன், லஃபாயெட் மெண்டல் இருவரும் 1914-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த ஸெயின் என்ற புரதத்தை மட்டும் எலிகளுக்குப் புரத உணவாகக் கொடுத்தார்கள். புரதம் எவ்வளவு கொடுத்தும் எலிகள் எடை இழந்தன. டிரிப்டோஃபன் என்ற ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்தார்கள்; எடை குறைவது நின்றது, ஆனால் வளர்ச்சி இல்லை. லைசினையும் சேர்த்ததும் எலிகள் வளரத் தொடங்கின. எவ்வளவு புரதம் என்பதைப் போலவே எத்தகைய புரதம் என்பதும் முக்கியம் என்பது அன்று ஐயமற நிலைநாட்டப்பட்டது.

மனிதரில் இதைச் சோதித்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரோஸ். 1940-களில் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களே சோதனைக்கு உட்பட்டார்கள். மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, இவற்றோடு புரதத்துக்குப் பதிலாகத் தூய அமினோ அமிலக் கலவை, இதுதான் அவர்கள் சாப்பாடு. உணவின் முக்கியக் கூறுகளில் நைட்ரஜன் இருப்பது புரதத்தில். எனவே உண்ட நைட்ரஜனையும், சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிய நைட்ரஜனையும் ஒப்பிட்டால், உடல் புரதத்தைக் கட்டுகிறதா, கரைக்கிறதா என்பது தெரிந்துவிடும். கலவையிலிருந்து ஏதேனும் ஓர் இன்றியமையா அமினோ அமிலத்தை எடுத்துவிட்டால், சில நாட்களுக்குள் வரவைவிடச் செலவு மிகுந்தது. திரும்பச் சேர்த்ததும் கணக்கு நேரானது. வயதுவந்தவர்களுக்கு எட்டு அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை என்று ரோஸ் இப்படி நிறுவினார். ஒன்பதாவதான ஹிஸ்டிடின் பின்னால் சேர்ந்தது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 300 கிராம் அரிசியில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதிலுள்ள லைசின் அவருடைய தேவையில் பாதியைச் சற்றே தாண்டும். அதோடு 100 கிராம் பருப்போ பயறோ சேரட்டும். இன்னொரு 22 கிராம் புரதம் வந்துவிட்டது. லைசின் குறையும் தீர்ந்தது. அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு. பாலோ இறைச்சியோ வாங்க முடியாத வீடும் இந்த மூன்றுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் புரதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் நூறு கிராம் என்பது சமைக்காத பருப்பின் எடை. நாலு பேர் வீட்டில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை வேகவைத்து, புளித் தண்ணீரில் பெருக்கிய சாம்பாரில் ஆளுக்கு இருபது கிராம்கூடத் தேறாது. சாம்பார் சாப்பிடுகிறோம், அதனால் பருப்பு சேர்கிறது என்ற நம்பிக்கையில்தான் நம் வீடுகள் ஏமாந்துபோகின்றன. காலையில் இட்லி தோசையில் உளுந்து, மதியம் கெட்டியான கூட்டோ பருப்புக் கடைசலோ, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் என்று நாள் முழுக்கப் பரவினால்தான் அந்த அளவு எட்டும். துவரைதான் வேண்டும் என்றில்லை. தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு எல்லாம் இந்த வேலையைச் செய்யும்; எது அந்தப் பருவத்தில் மலிவோ அது. நிலக்கடலையிலும் நூறு கிராமுக்கு 23 கிராம் போலப் புரதம் இருக்கிறது. குழந்தைகள் உயரமாக வளர்வார்கள் என்று விளம்பரத்தில் காட்டும் இனிப்புத் தூள்களில் பலவற்றின் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும்தான். அந்த டப்பாவின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் புரத அளவைக் கடலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரிசியையும் பருப்பையும் ஒரே வேளையில்தான் சேர்க்கவேண்டுமா? ஒருகாலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1971-ல் பிரான்சஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க எழுத்தாளரின் புகழ்பெற்ற நூல் அதை வலியுறுத்தியது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். உடலில் அமினோ அமிலங்கள் சில மணி நேரம் சுற்றில் இருக்கும். ஆகவே ஒரே நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சேலத்தில் பிறந்து, குன்னூரில் ஆய்வைத் தொடங்கிய சி. கோபாலன், நம் ஏழைக் குழந்தைகளின் முதல் பற்றாக்குறை புரதமல்ல, மொத்த உணவின் அளவுதான் என்று வாதிட்டார். சக்தி போதாதபோது உடல் உண்ட புரதத்தையே எரித்துவிடும். கட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே மெலிந்த குழந்தைக்குப் புரதத் தூள் வாங்குவதற்கு முன், அதன் தட்டில் சோறும் பருப்பும் போதுமா என்று பார்க்கவேண்டும். சின்ன வயிறு ஒரே வேளையில் நிறையச் சோற்றைக் கொள்ளாது. பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுப்பதும், இடையில் ஒரு வேளை கூடுதலாகக் கடலை உருண்டை கொடுப்பதும் இதனால்தான்.

சரி, அந்த மருத்துவர் சொன்ன ரத்தக் குறைவு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரியது இரும்புச்சத்துக் குறைவு. கீரையிலும் பயறிலும் தானியத்திலும் இரும்பு இருக்கிறது. ஆனால் குடல் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் உறிஞ்சுகிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி எளிதில் உள்ளே போகும் வடிவத்தில் இருக்கிறது. தாவர இரும்பு அப்படியில்லை. தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

இதை அளக்க அழகான ஒரு முறை இருக்கிறது. சிறிதளவு கதிரியக்க இரும்பை உணவில் கலந்து கொடுப்பார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்து, அந்த இரும்பில் எவ்வளவு சிவப்பணுக்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் இவ்வாறு செய்து 1975-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு தேநீர் குடித்தபோது சோற்றிலிருந்தும் ரொட்டியிலிருந்தும் உறிஞ்சப்பட்ட இரும்பு வெகுவாகச் சரிந்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் குடலிலேயே இரும்போடு சேர்ந்து அதை முடக்கிவிடுகின்றன. வைட்டமின் சி இதற்கு நேரெதிர். தாவர இரும்பைக் கரைந்த நிலையில் வைத்து உள்ளே போக விடுகிறது.

இந்த அறிவுக்குச் செலவே இல்லை. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். கீரையையோ சுண்டலையோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம்; கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடிக்கலாம். மாவைப் புளிக்கவைப்பதும் பயறை முளைகட்டுவதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். முளைவிட்ட பயறில் வைட்டமின் சியும் புதிதாக உண்டாகிறது. ஏற்கெனவே ரத்தசோகை வந்துவிட்டவர்களுக்கு உணவு மட்டும் போதாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையையும் விடாமல் சாப்பிடவேண்டும்.

விலை நம்மை எப்படித் திசைதிருப்பும் என்பதற்கு அரிசியைவிடப் பெரிய சாட்சி இல்லை. நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரியால் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகத்தான் வந்தது. லெனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி.

இதைச் சோதிக்க வில்லியம் ஃபிளெட்சர் 1905-ன் இறுதியில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனை நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணி இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல். கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். பச்சரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் தின்றவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தங்கள் சம்மதத்தைச் சொல்ல வழியற்ற அந்த 18 பேரின் உயிரைக் கொடுத்துத்தான் இந்த உண்மை நமக்கு வந்திருக்கிறது. இப்படியொரு சோதனையை இன்று எவரும் செய்ய முடியாது.

காரணம் தயமின் எனப்படும் வைட்டமின் பி1. அது நெல்மணியின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. அரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தயமின் மணியின் உள்பக்கம் நகர்கிறது, மாவும் இறுகிக்கொள்கிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். பளபளவென்று வெளுத்த அரிசிக்கு இன்றும் அதிக விலை கொடுக்கிறோம். கொஞ்சம் பழுப்பாக, மணம் சற்று வேறாக இருக்கும் புழுங்கலைத் தாழ்வாகப் பார்க்கிறோம். அதையும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, வடித்த கஞ்சியைக் கொட்டினால் தங்கிய சத்திலும் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். இரண்டு முறை அலசினால் போதும். கஞ்சியை உப்புப் போட்டுக் குடியுங்கள். செறிவூட்டிய ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும், கழுவும்போது மிதக்கும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அவை இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து அரிசி மாவில் செய்த மணிகள்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு: நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம், அரிசியில் பத்துகூட இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் களியோ கூழோ அடையோ போதும். முருங்கைக்கீரை பல வீடுகளில் காசில்லாமலே கிடைக்கும். மலிவான தாவர உணவால் ஈடுகட்ட முடியாதது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வைட்டமின் பி12 தாவர உணவுகளில் அநேகமாகக் கிடையாது. வாரத்தில் சில முட்டை, கடலோர ஊர்களில் மத்தி, கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் நெத்திலிக் கருவாடு, சைவர்களுக்குப் பாலும் தயிரும் என்று ஏதாவது ஒன்று வேண்டும். நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு வீட்டில் மாற்றக்கூடியது நிறைய. ஆனால் எல்லாப் பாரத்தையும் அடுக்களைப் பெண்ணின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையில்லை. பல குடும்ப அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ கிடைக்கிறது. 2007-ல் வந்த சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். அட்டைக்கு ஒரு கிலோ. இருபதுக்கு ஒன்று. அறிவியல் கேட்பது மூன்றுக்கு ஒன்று. 20 கிலோ அரிசிக்குத் துணையாக ஏழு கிலோ பருப்பு வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறது; மற்றதை வெளிச்சந்தை விலையில் வாங்க முடியாத வீடுகளில்தான் சாம்பார் தண்ணீராகிறது.

பசியைப் போக்கிய இந்தத் திட்டம் மிகப் பெரிய காரியம். அதன் அடுத்த படி பருப்புதான். அளவை மூன்று கிலோவாக உயர்த்தி, கொள்ளையும் தட்டைப்பயறையும் அதில் சேர்த்தால், அவற்றை விளைவிக்கும் மானாவாரி உழவர்களுக்கும் நிலையான வாங்குபவர் கிடைப்பார். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடுகிறது. ரேஷனில் பருப்பின் அளவை உயர்த்தக் கோரும் தீர்மானத்தை உங்கள் ஊர்க் கூட்டத்தில் கொண்டுவாருங்கள்.